உஷார்! அக்டோபரில் ஊராட்சிகளின் ஆயுள் முடிகிறது

திருவக்கரை, வானூர், மயிலம், திண்டிவனம் பக்கத்து மக்களே, தலைக்கு மேல் வேலை இருந்தாலும் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 2026 அக்டோபரோடு விழுப்புரம் மாவட்டத்துக் கிராம ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிகிறது. 2021 அக்டோபர் 6, 9 ஆகிய இரண்டு நாள் வாக்குப்பதிவு நடந்தது, 12ஆம் தேதி எண்ணினார்கள், 20ஆம் தேதி தலைவர்களும் வார்டு உறுப்பினர்களும் பதவி ஏற்றார்கள். அன்றிலிருந்து ஐந்து வருஷம்தான் கணக்கு. அதற்கு மேல் ஒரு நாள்கூட அவர்கள் பதவியில் இருக்கச் சட்டம் இடம் தராது. அவர்கள் எழுந்து போவதற்குள் அடுத்த ஆட்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுத் தயாராக இருக்க வேண்டும். இதை நாட்டின் அரசியலமைப்பே சொல்கிறது. ஆனால் அது தானாக நடந்துவிடும் என்று நம்பி ஒருமுறை ஏமாந்தவர்கள் நாம்.

2016 அக்டோபரை யாராவது ஞாபகம் வைத்திருக்கிறீர்களா? வேட்புமனுத் தாக்கல்கூட நடந்துகொண்டிருந்தது. அக்டோபர் 17, 19 என்று தேதி குறித்திருந்தார்கள். பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு ஒழுங்காகச் செய்யப்படவில்லை என்று வழக்கு போனது, 4ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. அந்த மாதம் 24ஆம் தேதியோடு பழைய ஊராட்சிகளின் காலம் முடிந்தது. தனி அலுவலர்கள் வந்தார்கள். கொஞ்ச நாள் ஏற்பாடு என்றுதான் சொன்னார்கள். ஆறு மாதம், இன்னொரு ஆறு மாதம் என்று நீட்டிக்கொண்டே போனார்கள்.

மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் ஓட்டுப் போடும் பாக்கியம் கிடைத்தது. நமக்கு அப்போதும் இல்லை. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்த நேரம் அது. மாவட்டம் பிரிந்தால் எல்லை வரையறை முடிய வேண்டும் என்று 2019 டிசம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒன்பது மாவட்டங்களைத் தனியே நிறுத்திவைத்தது. விழுப்புரமும் அதில் ஒன்று. அடுத்து கொரோனா வந்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டுக் கெடு வைத்த பிறகுதான் அந்த அக்டோபரில் நமக்கு ஓட்டுச்சீட்டு கைக்கு வந்தது. 2016 அக்டோபரிலிருந்து 2021 அக்டோபர் வரை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு முழு பதவிக்காலம்! நாம் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லாமல் ஐந்து வருஷத்தை ஓட்டிவிட்டோம். ஊரில் யாரும் கடையடைப்பு நடத்தவில்லை. சாலை மறியல்கூட இல்லை. அந்த அமைதிதான் எனக்கு இன்றைக்கும் பயத்தைத் தருகிறது.

திருவக்கரைக் கல்மரப் பூங்காவுக்குப் போயிருப்பீர்கள். சுமார் இரண்டு கோடி வருஷத்துக் கல்மரங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வேலி போட்டு, பலகை வைத்துக் காவல் காக்கிறது. அங்கிருந்து கைப்பிடி அளவு கல்லை எடுத்துப் பைக்குள் போட்டால் தடுத்துக் கேட்க ஆள் உண்டு. பூங்காவுக்கு வெளியே இருக்கும் கிராமங்களில் ஐந்து வருஷ ஓட்டுரிமை காணாமல் போனபோது கேட்க ஆள் வரவில்லை.

இன்னும் பக்கத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. திருவக்கரையிலிருந்து புதுச்சேரி எல்லை எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். சங்கராபரணி ஓடும் அதே பக்கம்தான், திருக்கனூர் வழியாகப் போனால் மண்ணாடிப்பட்டு கொம்யூன். அங்கே பெண் கொடுத்து பெண் எடுத்திருக்கிறோம், சாராயக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வருகிறோம். அந்த ஊர் சொந்தக்காரர்களிடம் உங்கள் கொம்யூன் பஞ்சாயத்துத் தலைவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 2006இல். நடுவில் 38 வருஷம்! அந்த 2006இல் வந்தவர்களின் காலமும் 2011இல் முடிந்தது. அதற்குப் பிறகு வார்டு மறுவரையறை, இட ஒதுக்கீடு, வழக்கு, ஆணையம் என்று ஒன்று மாற்றி ஒன்று காரணம் வந்துகொண்டே இருந்தது, தேர்தல் மட்டும் வரவில்லை. கூப்பிடு தூரத்தில் ஒரு தலைமுறையே தன் தெருவுக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்காமல் வளர்ந்து நிற்கிறது. நம் பிள்ளைகளுக்கும் அந்த நிலை வராது என்று எதை நம்பிச் சொல்வது?

தமிழ்நாட்டிலேயே பாருங்கள். 2019இல் தேர்தல் நடந்த அந்த 27 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு காலம் முடிந்தது. உரிய நேரத்தில் தேர்தல் நடத்தவில்லை. மறுபடியும் தனி அலுவலர்கள். அடுத்த முறை நம் ஒன்பது மாவட்டங்களுடையது. ஆபத்து எங்கோ இல்லை, ஏற்கெனவே வடக்கே திருவள்ளூரிலும் தெற்கே கடலூரிலும் வந்து உட்கார்ந்துவிட்ட ஆபத்து இது.

இந்த உரிமை நமக்கு எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் பறிபோகும்போது வலிக்கும். அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

1946 டிசம்பர் 9ஆம் தேதி டெல்லியில் அரசியல் நிர்ணய சபை முதன்முதலாகக் கூடியபோது நாடு இன்னும் வெள்ளைக்காரன் கையில்தான் இருந்தது. அந்த சபையின் உறுப்பினர்களைப் பொதுஜனம் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாகாணச் சட்டசபைகள் தேர்ந்தெடுத்தன. அந்தச் சட்டசபைகளுக்கு ஓட்டுப் போட்டவர்களும் சொத்தோ, வரியோ, படிப்போ காட்ட முடிந்தவர்கள்தான். கூலி வேலைக்குப் போனவருக்கு அதில் இடமில்லை. அப்படி வந்த ஒரு சபைதான் இருபத்தோரு வயதான ஆணுக்கும் பெண்ணுக்கும், கைநாட்டு வைப்பவருக்கும், குடிசையில் இருப்பவருக்கும் ஒரே மாதிரி ஓட்டு என்று எழுதி வைத்தது. எழுத்தோடு நிற்கவும் இல்லை. அரசியலமைப்பு நிறைவேறுவதற்கு முன்பே வாக்காளர் பட்டியல் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். தேர்தல் வரும்போது பட்டியல் தயாராக இல்லை என்று எவரும் சாக்குச் சொல்லக் கூடாது என்ற அக்கறை அப்போது இருந்தது. பிரிவினையில் லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நிலைமையிலும் பட்டியல் எழுதினார்கள்! இன்றைக்குக் கணினியும் செயற்கைக்கோளும் வைத்துக்கொண்டு வார்டு எல்லை பிரிக்க நேரம் போதவில்லை என்றால் எப்படி ஒப்புக்கொள்வது?

அந்த சபையில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரில் பிறந்த ஓ.பி. ராமசாமி ரெட்டியார். 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் முதல்வர். ஆலய நுழைவுச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் அவர் காலத்தில் வந்தவை. காமராஜர், கக்கன், சி. சுப்பிரமணியம், காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப், அம்மு சுவாமிநாதன், தாட்சாயணி வேலாயுதன் என்று சென்னை மாகாணத்திலிருந்து பலரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். 1947 ஆகஸ்ட் 29ஆம் தேதி அமைந்த வரைவுக் குழுவில் அம்பேத்கர் தலைவர், அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரும் கோபாலசாமி அய்யங்காரும் உறுப்பினர்கள். பிறகு டி.டி. கிருஷ்ணமாச்சாரி சேர்ந்தார். குழுவில் ஒருவர் இறந்துபோனார், ஒருவர் விலகினார், சிலர் உடல்நலமில்லாமலும் வேறு பொறுப்புகளோடும் டெல்லிக்கு வெளியே இருந்தார்கள், கடைசியில் பாரமெல்லாம் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்று கிருஷ்ணமாச்சாரியே சபையில் எழுந்து சொன்னார்.

1948 பிப்ரவரியில் வரைவு வெளிவந்தது. 315 பிரிவுகள், 8 அட்டவணைகள். மத்திய அரசு இருந்தது, மாநிலம் இருந்தது, கவர்னர் இருந்தார், தணிக்கை அதிகாரி இருந்தார். கிராமம் இல்லை. கிராமத்துக்கென்று ஒரு பிரிவுகூட இல்லை.

காந்தியை நேசித்தவர்களுக்கு அது பெரிய அடி. நவம்பர் 4ஆம் தேதி வரைவை சபையில் வைத்துப் பேசிய அம்பேத்கர், இந்தியக் கிராமம் குறுகிய புத்திக்கும் அறியாமைக்கும் வகுப்புவாதத்துக்கும் இருப்பிடம் என்று கடுமையாகவே சொன்னார். தனிமனிதனை அலகாக வைத்தோம், கிராமத்தை வைக்கவில்லை, அதில் எனக்கு மகிழ்ச்சிதான் என்றார். சபை கொதித்தது. நவம்பர் 22ஆம் தேதி கே. சந்தானம் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும், தன்னாட்சி அமைப்பாக இயங்கத் தேவையான அதிகாரங்களைத் தர வேண்டும் என்பது சாரம். ஓமந்தூராருக்கு முன்பு சென்னை முதல்வராக இருந்த பிரகாசம் அதை ஆதரித்துப் பேசும்போது உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துச் சொன்னார். நம்மிடமிருந்து வந்தவாசி தாண்டினால் வந்துவிடும் அந்த ஊர். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுத்து வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த ஊர். பதவியில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது என்று கல்லில் வெட்டிவைத்த ஊர். அம்பேத்கர் அன்று சண்டை போடவில்லை. திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று சுருக்கமாகச் சொல்லி உட்கார்ந்தார். அப்படித்தான் 40ஆவது பிரிவு பிறந்தது.

அம்பேத்கர் பயந்தது வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். உத்திரமேரூர்க் குடவோலையில் நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உள்ள பிராமணர் பெயர்தான் ஏறியது. உழுதவர் பெயர் ஏறவில்லை. பெண் பெயர் ஏறவில்லை. சேரியிலிருந்து ஒரு பெயர் ஏற வழியே இல்லை. சுதந்திரம் வந்து ஐம்பது வருஷம் ஆகும் தறுவாயில், 1997 ஜூன் 30ஆம் தேதி மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் பஸ்ஸிலிருந்து இறக்கி வெட்டிக் கொன்றார்கள். ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் தலித் ஒருவர் ஜெயித்துத் தலைவரானதற்காக! பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தலில் 2006 வரை ஒழுங்காகத் தேர்தல் நடத்த விடவில்லை. அம்பேத்கர் சொன்ன கிராமம் இதுதான். அதனால்தான் கிராமத்துக்கு அதிகாரம் மட்டும் கொடுத்தால் போதாது, இட ஒதுக்கீட்டோடும் கெடுவோடும் காவலோடும் கொடுக்க வேண்டியிருந்தது.

1949 நவம்பர் 26ஆம் தேதி 395 பிரிவுகளோடு அரசியலமைப்பு நிறைவேறியது. 7,635 திருத்தங்கள் வந்து, 2,473 திருத்தங்கள் சபையில் முன்மொழியப்பட்டு, மூன்று வருஷத்துக்குச் சில நாட்கள் குறைவாக உழைத்து முடித்த வேலை. 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை முதல் பொதுத்தேர்தல். நாட்டுக்கு அரசு அமைந்தது, மாநிலத்துக்கு அரசு அமைந்தது. கிராமத்துக்கு? 40ஆவது பிரிவு வழிகாட்டு நெறிகளுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. வழிகாட்டு நெறியை நிறைவேற்றச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போக முடியாது. மனசு வைத்த முதல்வர் தேர்தல் வைத்தார், மனசில்லாதவர் வைக்கவில்லை. 1992 டிசம்பரில் நாடாளுமன்றம் 73ஆவது திருத்தத்தை நிறைவேற்றி, 1993 ஏப்ரல் 24 முதல் அது அமலுக்கு வந்த பிறகுதான் கிராம அரசு கட்டாயமானது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது, அதன்படி முதல் தேர்தல் 1996 அக்டோபரில். நாட்டுக்கு 1950இல் முடிந்த வேலை நம் ஊருக்கு முடிய மேலும் 46 வருஷம் ஆகியிருக்கிறது.

அந்தத் திருத்தத்தில் 243E என்று ஒரு பிரிவு இருக்கிறது. மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியது இதைத்தான். ஊராட்சியின் ஆயுள் முதல் கூட்டம் நடந்த நாளிலிருந்து ஐந்து வருஷம், அதற்கு மேல் கிடையாது. அந்த ஐந்து வருஷம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை முடித்திருக்க வேண்டும். நடத்தலாம், முயற்சி செய்யலாம் என்றெல்லாம் அதில் இல்லை. நகராட்சிகளுக்கும் இதே மாதிரி ஒரு பிரிவு உண்டு. 2006இல் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதை அடித்துச் சொன்னது: எல்லை வரையறை, பட்டியல் திருத்தம் என்று காரணம் காட்டித் தேர்தலைத் தள்ளிப்போடக் கூடாது, வேலையை முன்கூட்டியே முடித்து வைத்துக்கொள்ள வேண்டியது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு. இவ்வளவும் சொல்லி பத்து வருஷத்தில்தான் தமிழ்நாட்டில் 2016 நடந்தது. சட்டப் புத்தகத்தில் இருப்பது மட்டும் நம்மைக் காப்பாற்றிவிடாது.

இலங்கையில் இதைவிட மோசம். வடக்கு மாகாண சபைக்கு 2013 செப்டம்பரில் முதல் தேர்தல் நடந்தது, 2018 அக்டோபரில் காலம் முடிந்தது. கிழக்கு மாகாண சபையின் காலம் அதற்கு முந்தைய வருஷமே முடிந்துவிட்டது. எல்லை மீள்நிர்ணயம், தேர்தல் முறை மாற்றம் என்று ஆரம்பித்த தாமதம், ஆளுநர்களை வைத்தே வருஷக்கணக்கில் மாகாணங்களை ஓட்டுவதில் போய் முடிந்தது. உள்ளூராட்சி சபைத் தேர்தலை 2023இல் பணமில்லை என்று நிறுத்தினார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லி, 2025 மே 6ஆம் தேதிதான் வாக்குப்பதிவு நடந்தது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருக்கும் நம் சனம் கேட்ட அதே சாக்குகள் நம் காதிலும் விழும். விழுந்ததும் உஷாராகிவிடுங்கள்: "எல்லை வரையறை முடியவில்லை." "பக்கத்து ஊராட்சியைப் பேரூராட்சியோடு சேர்க்கப் போகிறோம், அது முடியட்டும்." "ஒதுக்கீட்டுச் சுழற்சியில் வழக்கு இருக்கிறது." "எல்லா மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் வைத்தால் செலவு மிச்சம்." கடைசியாகச் சொன்னதுதான் கேட்க நியாயமாக இருக்கும், அதனால் அதுதான் ரொம்ப ஆபத்து.

சரி, தலைவர் இல்லாமல் ஊர் நடக்காதா, அதிகாரி நல்லவராக இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல அதிகாரிகள் உண்டு. ஆனால் ஒன்றிய அலுவலகத்து அதிகாரி ஒருவர் ஒரே நேரத்தில் எத்தனையோ ஊராட்சிக்குத் தனி அலுவலராக இருப்பார். தெருவிளக்கு எரியவில்லை, மோட்டார் காயில் கருகிவிட்டது, மேல்நிலைத் தொட்டி கழுவி மாதக்கணக்காகிறது என்றால் வார்டு உறுப்பினர் வீட்டு வாசலில் நின்று சத்தம் போடலாம். அதிகாரியைப் பார்க்க வேலையைக் கெடுத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டும், அவர் அன்றைக்குக் கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பார். திருவக்கரை வக்கிரகாளியம்மன் கோயிலில் பௌர்ணமி ஜோதி தரிசனத்துக்கு வரும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். விடிந்ததும் குப்பையும் கழிவும் கிடப்பது ஊர்த் தெருவில். அதை எடுக்கச் சொல்லி யாரிடம் உரிமையோடு கேட்பீர்கள்? இந்தப் பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்து ராத்திரி பகலாக டிப்பர் ஓடுகிறது. குவாரி பற்றியோ ரோடு பற்றியோ ஊராட்சி மன்றம் கூடித் தீர்மானம் போட வேண்டுமானால் முதலில் மன்றம் என்று ஒன்று இருக்க வேண்டும்.

பணமும் நின்றுபோகும். தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இருந்தால்தான் மத்திய நிதிக்குழு மானியம் வரும். 2016க்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 14ஆவது நிதிக்குழு மானியத்தை மத்திய அரசு நிறுத்தி வைத்தது அதனால்தான். அந்தப் பணம் குடிநீருக்கும் வடிகாலுக்கும் வர வேண்டிய பணம்.

இனி இன்னொரு உஷார். தேர்தல் வந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஊர் நடுவில் ஒரு பந்தல் போடுவார்கள். ஏலம். 2019 டிசம்பரில் கடலூர் மாவட்டம் நடுக்குப்பத்தில் தலைவர் பதவி 50 லட்சத்துக்கு ஏலம் போனதாக வீடியோவோடு செய்தி வந்தது. 2021இல் நம் மாவட்டத்தில் செஞ்சிப் பக்கமே அப்படி ஒரு செய்தி வந்தது. கோயில் கட்டலாம், கும்பாபிஷேகம் செய்யலாம், ஊருக்குள் சண்டை வராது, போட்டியின்றித் தேர்ந்தெடுத்தோம் என்ற பெருமை வேறு என்று பேசுவார்கள். தயவுசெய்து அந்தப் பந்தலுக்குள் போகாதீர்கள். ஐம்பது லட்சம் கொடுத்தவர் அதைத் தன் சம்பளத்திலிருந்து எடுக்கப் போவதில்லை, ஊராட்சித் தலைவருக்கு அப்படிச் சம்பளமும் கிடையாது. உங்கள் தண்ணீர்க் குழாயிலிருந்துதான் எடுப்பார். அம்மன் பெயரைச் சொல்லி நடந்தாலும் அது லஞ்சம்தான், தண்டனைக்குரிய குற்றம். அந்த ஏலத்தில் கையில் பணமில்லாதவருக்கு வாய் திறக்கும் உரிமைகூட இல்லை. 1946இல் சொத்து உள்ளவனுக்கு மட்டும் ஓட்டு இருந்த காலத்துக்கு, நம் கையாலேயே நம்மைத் திருப்பிக் கொண்டுபோகும் வேலை அது.

பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் மனைவி பெயரில் நின்று, ஜெயித்து, புருஷன் நாற்காலியில் உட்காருவதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு. அந்தப் பாதியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டால் சட்டம் எழுதி என்ன பயன்? வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வரும்போது அந்த அம்மாவையே பேசச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பவர் பதில் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

கடைசியாக, எல்லோரும் அலட்சியமாக விடும் ஒரு புத்தகம். கிராம சபைத் தீர்மானப் புத்தகம். கூட்டம் முடியும் முன்பே நோட்டு வரிசையாகக் கை மாறி வரும். ஏரி வேலைக்கு வந்த பெண்களை அப்படியே கூட்டிவந்து உட்காரவைத்திருப்பார்கள். ஊராட்சிச் செயலர் விரலை வைத்துக் காட்டும் இடத்தில் கையெழுத்து, இல்லை கைரேகை. மேலே தீர்மானம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் மேலே வெறும் கோடு போட்ட பக்கம்தான் இருக்கும், எழுத்து பிறகு வரும். அப்படிக் கொடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அவசரம் என்று சொன்னாலும் போடாதீர்கள். முதலில் தீர்மானத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஊராட்சியின் வரவு செலவு படிவம் 30 எங்கே என்று கேளுங்கள். அது சபையில் வைக்கப்பட வேண்டிய கணக்கு. 500 பேருக்குள் மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர் வந்தால்தான் சபை செல்லும். அந்த எண்ணிக்கை கையெழுத்தால் மட்டும் நிரம்பினால் அந்தச் சபை உங்கள் சபை இல்லை. தனி அலுவலர் இருக்கும் காலத்திலும் கிராம சபை உண்டு என்பதை மறக்காதீர்கள். மற்ற எல்லா அதிகாரமும் போனாலும் இது ஒன்று கையில் மிஞ்சும்.

அக்டோபருக்குள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உள்ளாட்சி வாக்காளர் பட்டியலை சட்டமன்றப் பட்டியலை வைத்துத்தான் வார்டு வாரியாகப் பிரிக்கிறார்கள். அதனால் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு உங்கள் பெயர் இருக்கிறதா, இருந்தால் எந்த வார்டில் போட்டிருக்கிறார்கள், இருளர் குடியிருப்பிலும் காலனியிலும் விட்டுப்போன பெயர்கள் எத்தனை என்று வீடு வீடாகச் சரிபாருங்கள். முதல் பொதுத்தேர்தலில் தன் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று எழுதவைத்ததால் நாடெங்கும் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டார்கள். பெயர் இல்லாதவருக்கு, ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஒருவர் போடும் நான்கு ஓட்டில் ஒன்றுகூடக் கிடையாது.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போங்கள். வீட்டுக்கு ஒருவராவது போங்கள். "243E பிரிவின்படி 2026 அக்டோபருக்குள் எங்கள் ஊராட்சிக்குத் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும்" என்று ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். இது அரசியல், இதெல்லாம் எடுக்க முடியாது என்று சொன்னால், எடுக்க முடியாததற்கான காரணத்தை அதே புத்தகத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், செல்போனில் அந்தப் பக்கத்தைப் படமெடுங்கள். நகலை சென்னையில் இருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையருக்கும் விழுப்புரம் கலெக்டருக்கும் ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். விழுப்புரம் மாவட்டத்தில் 688 ஊராட்சிகள் இருக்கின்றன. 2016இல் ஒரு ஊரிலிருந்தும் அப்படி ஒரு தபால் போனதாக நான் கேள்விப்படவில்லை. இந்த முறை நாளை நீதிமன்றத்தில் காட்ட அந்தச் சீட்டு வேண்டும், பீரோவில் பத்திரமாக வையுங்கள்.